பொறுத்துப் போகச் சொன்னாரா புத்தர்?

வாயைத் திறந்தாலே குத்திப் பேசும் மாமியார், பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தும் மேலதிகாரி, குடித்துவிட்டு வந்து கத்தும் அண்ணன். இவர்களோடு காலம் தள்ளுகிறவர்களிடம், “ஏத்துக்கோ, மனசை அமைதியா வச்சுக்கோ, புத்தர் அதைத்தானே சொன்னார்” என்று ஆறுதல் சொல்வது வழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பாலி நூல்கள் காட்டும் புத்தர் வேறு மாதிரி நடந்துகொள்கிறார். பரவலான மூன்று நம்பிக்கைகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம்பிக்கை: விலகிப் போகிறவர் பயிற்சியில் தோற்றவர்.

கோசாம்பி நகர விகாரையில் துறவிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். கழிப்பறைச் செம்பில் மிச்சம் விட்ட தண்ணீரில்தான் அது தொடங்கியது என்கின்றன உரைநூல்கள். புத்தர் சமாதானம் பேசினார், எடுபடவில்லை. மறுபடியும் பேசினார். நீங்கள் நிம்மதியாக இருங்கள், இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரிடமே சொல்லிவிட்டார்கள். அவர் பாத்திரத்தையும் சீவர ஆடையையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் பாரிலேய்யகக் காட்டுக்குப் போய்விட்டார். ஊர் மக்களோ அந்தத் துறவிகளை வணங்குவதையும் அவர்களுக்குச் சோறிடுவதையும் நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் இரு தரப்பும், புத்தர் அப்போது தங்கியிருந்த சாவத்தி நகருக்குப் போய் அவர் முன்னால் சண்டையைத் தீர்த்துக்கொண்டன. துறவியர் ஒழுக்க விதிகளின் தொகுப்பான வினய பிடகம் இதை ஒளிவு மறைவில்லாமல் பதிவு செய்திருக்கிறது.

சன்னன் விஷயம் இன்னும் நேரடியானது. சித்தார்த்தருக்குத் தேரோட்டியவர், துறவியான பிறகும் அந்தப் பெருமையில் யார் சொல்லையும் கேட்கமாட்டார். தம் மறைவுக்கு, அதாவது பரிநிர்வாணத்துக்கு, சற்று முன்பு புத்தர் அவருக்குப் பிரம்மதண்டம் விதிக்குமாறு ஆனந்தரிடம் சொல்கிறார். சன்னன் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். மற்றவர்கள் அவரோடு பேசவும் கூடாது, புத்தி சொல்லவும் கூடாது. அடி, வசவு, பழிவாங்கல் எதுவும் அதில் இல்லை. செய்தி கேட்டு மயங்கி விழுந்த சன்னன், பிறகு தனிமையில் முயன்று முழு விடுதலையான அருகத நிலை அடைந்தார் என்கிறது வினய பிடகத்தின் சுல்லவக்கம் பகுதி. எல்லாரும் சன்னனைப் போலத் திருந்திவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு பெண்ணிடம் “உனக்குக் கருணையே இல்லையா” என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம்பிக்கை: கனிவானவர் கசப்பாகப் பேசமாட்டார்.

இளவரசர் அபயர் ஒருமுறை இதையே புத்தரிடம் கேட்டார். அப்போது அபயர் மடியில் குழந்தை இருந்தது. இந்தக் குழந்தை கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றார் புத்தர். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன் என்றார் அபயர். அதுபோலவே, உண்மையும் பயனும் உள்ள சொல், கேட்பவருக்குப் பிடிக்காவிட்டாலும், நேரம் பார்த்துச் சொல்லப்பட வேண்டியதே என்பது புத்தரின் பதில்.

நம்பிக்கை: தியானம் பழகியவருக்குக் கோபமே வராது.

சாவத்தியில் வேதேகிகா என்றொரு வீட்டுத்தலைவி இருந்தாள். சாந்தமானவள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் அடிமைப்பெண் காளிக்கு ஒரு சந்தேகம்: நான் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் இவளுக்குக் கோபம் வரவில்லையோ? ஒருநாள் பொழுது ஏறிய பிறகு எழுந்தாள். எஜமானி முகம் சுளித்தாள். அடுத்த நாள் இன்னும் தாமதம், வசவு விழுந்தது. மூன்றாம் முறை கதவின் தாழ்க்கட்டையே காளியின் மண்டையை உடைத்தது. வழியும் ரத்தத்தோடு அவள் அக்கம்பக்கத்தாரிடம் போய்ச் சாந்தமானவளின் லட்சணத்தைக் காட்டினாள். கடுஞ்சொல் காதில் விழாதவரை எல்லாரும் சாந்தமானவர்களே என்று புத்தர் துறவிகளுக்கு இந்தக் கதையைச் சொன்னார்.

கோபம் வரும். வந்திருக்கிறது என்று அந்தக் கணத்திலேயே அறிவதுதான் சதிபட்டான சுத்தம் என்ற புத்தர் உரை கேட்கும் விழிப்பு. நாம் ஏற்க வேண்டியது நம் மனத்தில் எழுந்திருக்கும் அந்தக் கொதிப்பை. எதிராளி செய்யும் கொடுமைக்கு அதனால் ஒப்புதல் கிடைத்துவிடாது.

5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்ற தியான நூலை எழுதிய புத்தகோசர், அன்புத் தியானத்தைப் பகைவரிடமிருந்து தொடங்காதே என்று எச்சரிக்கிறார். முதலில் தன்மேல், பிறகு மதிப்புக்குரியவர், நெருங்கியவர், முன்பின் தெரியாதவர், கடைசியில்தான் பகைவர். அவரை நினைத்ததும் பழைய காயம் எரிந்தால், முந்தையவர்களிடம் திரும்பி, அங்கே மனம் ஊன்றிய பிறகு வரலாம். உங்களை நோகடித்தவரை நினைத்து முதல் தியான வகுப்பிலேயே அன்பு செலுத்தச் சொன்னால், என்னால் இப்போது முடியாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.