மாதிரிப் படமும் மலைச் செடியும்

ஓவியம் கையின் திறமை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பாதிக்கு மேல் கண்ணின் வேலை. நம் கண்ணோ பெரிய சோம்பேறி. மிளகுக் கொடியை வரையச் சொன்னால், கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த மாணவர்கூட வெற்றிலை போல ஓர் இலையை வரைந்து, அதன் கக்கத்தில் ஒரு கதிரைத் தொங்கவிட்டு விடுவார். தேவனூர் நாட்டுத் தோட்டம் ஒன்றில், சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறி நிற்கும் கொடியின் அருகே சென்று பாருங்கள். கதிர் இலைக் கக்கத்தில் இல்லை. கணுவில், இலைக்கு எதிர்ப்புறத்தில் தோன்றுகிறது. நரம்புகளும் மாவிலையில் உள்ளது போல நடுநரம்பிலிருந்து வரிசையாகக் கிளம்புவதில்லை. பெரும்பாலானவை அடிப்பகுதியிலேயே பிரிந்து, வளைந்து, நுனியை நோக்கிச் செல்கின்றன.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? தாவரவியல் மாணவர்களுக்கு விடை தெரியும். மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து இளைய மாணவர் வரைகிறார். அவர் நோட்டை அடுத்தவர் வாங்கிக் கொள்கிறார். நாலாவது கைக்கு வரும்போது படம் அழகாகவே இருக்கும், செடிதான் இருக்காது.

அப்படியானால் படம் பார்த்து வரைவதே இழுக்கு என்று சொல்லி விடலாமா? கூடாது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்களுள் ரங்கையா, கோவிந்து ஆகிய இரு இந்திய ஓவியர்கள் சிறப்பானவர்கள். பசுஞ்செடி கிடைத்தபோது அதைப் பார்த்தும், கிடைக்காதபோது காகிதத்தில் ஒட்டி உலர்த்திய செடியைப் பார்த்தும் வரைந்தனர். கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குச் சூட்டினார் வைட். பெயரளவில்கூட அறியப்படாமல் போன ஓவியர்கள் நிறைந்த அக்காலத்தில் இது சிறிய மரியாதை அன்று.

உலர்ந்த செடியும் ஒருவகை மாதிரிப் படமே. அது தட்டையானது, நிறம் போனது. ஆயினும் அளவு பொய் சொல்லாது. உலர்ந்த பூவை வெந்நீரில் இட்டு மென்மையாக்கி, உருப்பெருக்கியின் கீழ் பிரித்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளையும் வரையலாம். கொல்லிமலைச் செடிகளையும் உட்கொண்டு, திருச்சி தூய வளனார் கல்லூரியிலிருந்து அருட்தந்தை மாத்யூ வெளியிட்ட தாவர நூலுக்கு 1982ஆம் ஆண்டில் தனியே ஒரு படத் தொகுதி வந்தது. நம் மலையை வரைய விரும்புவோர் அதை ஒருமுறையேனும் புரட்ட வேண்டும்.

நிழற்படத்தின் சேதி வேறு. நிறத்தைத் தரும், அளவைக் கெடுக்கும். கைபேசியை மிக அருகில் வைத்துப் பலாப்பழத்தைப் படமெடுத்தால் முன்புறம் பெருத்து, காம்பு சிறுத்துப் போகும். நாலடி தள்ளி நின்று எடுப்பது நல்லது. பக்கத்தில் ஓர் அடிக்கோல் இருக்கட்டும். ஒரே செடியை முன், பின், பக்கம் என மூன்று நான்கு கோணங்களில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைப் படத்தை வைத்து வரைபவர் அப்படத்தைத்தான் வரைகிறார். வரையும் போதும், முதலில் படத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைந்து, பின்பு திறந்து ஒப்பிட்டால், நம் கண் எதைப் பார்க்கவில்லை என்பது உடனே தெரிந்து போகும். கட்டம் போட்டுப் பெரிதாக்குவது சுவர் விளம்பரத்திற்கு உதவும். கண்ணுக்குப் பயிற்சியாகாது என்பது என் கருத்து.

மாதிரியே இல்லாத பொருளும் உண்டு. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஓரியின் முகத்தைக் கண்டு தீட்டிய படம் ஏதும் நமக்கு வந்து சேரவில்லை. சிலையைப் பார்த்து வரைவது சிற்பியின் கற்பனையைப் படியெடுப்பதே ஆகும். வில்லையும் அதைப் பிடித்த கையையுமாவது தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் பார்த்து வரையலாம். அவை ஓரிக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவை என்பதை மட்டும் மறக்கலாகாது.

அவசரமாக வரைய வேண்டியது சாமை. மரவள்ளி பரவியபின் மலையில் சிறுதானிய நிலம் சுருங்கிவிட்டது. மல்லியசாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டும் பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். தினைக் கதிர் நெருக்கமானது, மயிர் போன்ற முட்கள் கொண்டது. யார் வரைந்தாலும் அடையாளம் தெரியும். சாமைக் கதிரோ தளர்ந்து, மெல்லிய கிளைகளாக நாற்புறமும் விரிவது. உலர்த்தி அழுத்தினால் அக்கிளைகள் ஒரே பக்கமாகப் படிந்துவிடும். நிழற்படத்தில் பின்னாலுள்ள தாள்களோடு கலந்துவிடும். ஆகவே கதிர் விட்ட வாரத்தில் வயலுக்கே சென்று, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு வரைய வேண்டும். பெரியவர் சொன்ன பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு, படம் நேரில் பார்த்து வரைந்ததா, நிழற்படம் பார்த்து வரைந்ததா என்பதையும் அடியில் எழுதிவிடுங்கள்.