'இமர்ஸ்' என்னும் ஆங்கில வினையைக் கையாளும் முறை: வண்டூர்க் கடலிலிருந்து ஒரு விளக்கம்

ஆழ்ந்த ஈடுபாட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் வினைகளுள் 'இமர்ஸ்' என்பதன் பொருளைத் தமிழ் மாணவர் ஒரே நாளில் புரிந்துகொள்கின்றனர். ஆயினும் அதைத் தாமே ஒரு வாக்கியத்தில் அமைக்கும்போது பெரும்பாலோர் ஒரே இடத்தில் இடறுகின்றனர். எழுத்தில் இரண்டு 'எம்' இருந்தாலும் ஒலிப்பில் ஒன்றே கேட்கும் என்பதும், அழுத்தம் இரண்டாம் அசையில் விழும் என்பதும் முதலில் குறித்துக்கொள்ளத் தக்கவை. 'முக்கு' என்னும் பொருள்படும் 'மெர்கெரே' என்ற இலத்தீன் வினையே இதன் வேர். 'மெர்ஜ்', 'சப்மெர்ஜ்', 'எமெர்ஜ்' ஆகியனவும், அரசியல் செய்திகளில் பழகிப்போன 'எமர்ஜென்சி'யும் அவ்வேரில் கிளைத்தவையே.

முதற்படியாக, இச்சொல்லை மனத்திலிருந்து தொடங்காமல் நீரிலிருந்து தொடங்குதல் வேண்டும். தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் உள்ள வண்டூர் அதற்கு வாய்ப்பான இடம். 1983இல் நிறுவப்பட்டு, 15 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இவ்வூர்ப் படகுத்துறையே வாயில். ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் தீவுகளுள் பருவத்திற்கேற்பத் திறந்திருக்கும் ஒன்றுக்கு இங்கிருந்து பயணிகள் செல்கின்றனர். கண்ணாடி அடித்தளம் பொருத்திய படகில் அமர்ந்து பவளப்பாறையைக் குனிந்து பார்ப்பவர் எவ்வளவு வியந்தாலும் நேர்ப்பொருளில் 'இமர்ஸ்' என்ற வினைக்கு உரியவர் ஆகார். மூச்சுக்குழலும் முகக்கண்ணாடியும் அணிந்து மிதப்பவரோ முகத்தை மட்டும் நீருள் வைக்கிறார். ஆகவே 'ஹீ இமர்ஸ்ட் ஹிஸ் ஃபேஸ் இன் தி வாட்டர்' என அவரைப் பற்றி எழுதலாம். நீர்மம் ஒன்று, அதனுள் வைக்கப்படும் பொருள் ஒன்று, வைப்பவர் ஒருவர் ஆகிய மூன்றும் இவ்வினைக்கு இன்றியமையாதவை என்பதை இந்த எடுத்துக்காட்டு காட்டிவிடுகிறது.

இரண்டாம் படி செயப்படுபொருளைத் தேடுவது. இடறும் இடமும் இதுவே. தமிழில் 'அமிழ்', 'அமிழ்த்து' எனவும், 'ஆழ்', 'ஆழ்த்து' எனவும் வினைகள் இரட்டையாக நிற்கின்றன. முன்னது தன்வினை, அதாவது செயலின் விளைவு செய்பவரையே சேரும் வினை. பின்னது பிறவினை, அதாவது மற்றொன்றை அந்நிலைக்கு உட்படுத்தும் வினை. 'மூழ்கு' என்பதும் தன்வினை. 'இமர்ஸ்' என்பதோ இக்கால ஆங்கில வழக்கில் 'அமிழ்த்து' என்பதற்கு மட்டுமே இணையாகும். எனவே 'அவன் கடலில் மூழ்கினான்' என்பதை மனத்தில் வைத்து 'ஹீ இமர்ஸ்ட் இன் தி சீ' என எழுதினால், 'அவன் கடலில் அமிழ்த்தினான்' எனக் குறைபட்ட வாக்கியமாக அது நின்றுவிடும். எதை அமிழ்த்தினான் என்ற கேள்விக்கு விடை இல்லை. 'ஹிம்செல்ஃப்' என்னும் தற்சுட்டுப் பெயரை, அதாவது செய்பவரையே செயப்படுபொருளாகத் திருப்பிக் காட்டும் சொல்லை, இடையில் சேர்த்து 'ஹீ இமர்ஸ்ட் ஹிம்செல்ஃப் இன் தி சீ' என்று எழுதினால் குறை நீங்கும். 'எதை?' என்று கேட்டுப் பார்க்கும் இச்சோதனை ஒன்றே பெரும்பாலான பிழைகளைத் தடுத்துவிடும் என்பதால், பட்டியல்களை மனப்பாடம் செய்வதினும் இதனைப் பழகுதல் நன்று.

அடுத்து, நீரை நீக்கிவிட்டு அதன் இடத்தில் ஒரு துறையையோ செயலையோ வைத்தல் வேண்டும். இலக்கணம் சிறிதும் மாறுவதில்லை. 'ஷீ இமர்ஸ்ட் ஹெர்செல்ஃப் இன் தி ஸ்டடி ஆஃப் காரல்ஸ்' என்பது பவள ஆய்வில் ஒருத்தி தன்னை ஈடுபடுத்திக்கொண்ட செயலையும், 'ஷீ வாஸ் இமர்ஸ்ட் இன் தி ஸ்டடி ஆஃப் காரல்ஸ்' என்பது அவள் ஏற்கெனவே ஆழ்ந்திருந்த நிலையையும் குறிக்கின்றன. பின்தொடரும் முன்னிடைச்சொல் 'இன்' என்பதே; 'வித்', 'ஆன்' ஆகியவை பொருந்தா.

நான்காம் படியாகிய அண்டைச் சொற்களைப் பிரித்தறிதலில் சற்று நின்று செல்ல வேண்டும். கணநேரம் முக்கி எடுப்பது 'டிப்'. நீரை உறிஞ்சுமாறு ஊறவிடுவது 'சோக்'. தகவலைத் தேடித் துருவுவது 'டெல்வ்'. 'இன்வால்வ்ட்' என்பதோ பங்குகொள்வதை மட்டும் சொல்லி, ஆழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இவற்றை எளிதில் பிரிக்கலாம். 'சப்மெர்ஜ்' அவ்வளவு எளிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் எழுந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது; ஆழிப்பேரலை வடிந்த பின்னும், போர்ட் பிளேருக்கு அருகே சிப்பிகாட் பகுதியின் வயல்களில் கடல்நீர் நிலைத்துவிட்டது. அவ்வயல்களை 'சப்மெர்ஜ்ட்' என்றே எழுதுதல் தகும். நீர் மேலேறி மூடிய நிலையைச் சொல்வதற்கு அச்சொல் இயல்பானது; 'இமர்ஸ்ட்' என்றாலோ எவரோ அவற்றை எடுத்து நீருள் வைத்தது போன்ற சாயல் தட்டும்.

கல்வித்துறை இந்த வேறுபாட்டையே கலைச்சொல்லாக ஆக்கிக்கொண்டுள்ளது. 1965இல் கனடாவின் மான்ட்ரியால் நகரை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் விரும்பிக் கேட்டதன்பேரில் அவர்தம் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பு முதலே பிரெஞ்சில் பாடம் நடத்தும் முறை தொடங்கியது. தாய்மொழியும் பின்னர் உரிய இடம் பெற்ற இம்முறைக்கு 'இமர்ஷன்' என்று பெயர். சிறுபான்மைக் குழந்தையை எந்தத் துணையுமின்றிப் பெரும்பான்மை மொழி வகுப்பில் அமர்த்திவிடுவதை ஆய்வாளர் 'சப்மெர்ஷன்' என்கின்றனர். இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகியவற்றைப் பேசுவோர் அடுத்தடுத்து வாழ்வதும், தமிழ்வழிப் பள்ளிகளும் இயங்குவதுமான அந்தமானில் இவ்விரு சொற்களையும் ஆசிரியர்கள் பிரித்தறிந்திருப்பது பயனுள்ளது. ஆங்கிலவழி வகுப்பு ஒவ்வொன்றையும் 'இமர்ஷன்' என விளம்பரப்படுத்துவோர் பெரும்பாலும் மற்றதையே நடத்துகின்றனர்.

இறுதியாகத் தமிழாக்கம். ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் பொருத்த முயலுதல் கூடாது. புலமையைப் பற்றியதாயின் 'தோய்தல்' சிறக்கும். 'தமிழில் தோய்ந்தவர்' என்பது பழகிய வழக்கு. இன்பத்திற்குத் 'திளைத்தல்', பணிக்கு 'முழு மூச்சாக ஈடுபடுதல்', பக்திக்கு 'ஆழ்தல்' ஆகியவை பொருந்தும். 'ஆழ்வார்' என்ற பெயருக்கும் இறைவனிடத்தில் ஆழ்ந்தவர் என்றே மரபுவழி விளக்கம் கூறுவர். வாளித் தண்ணீரைச் சூடாக்கும் 'இமர்ஷன் ராடு' கடைவழக்கில் 'ஹீட்டர் ராடு' ஆகிவிட்டதால் அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. செய்தித்தாள்களில் வரும் 'ஐடல் இமர்ஷன்' மட்டும் தனிக் கவனத்துக்கு உரியது. பிள்ளையார் சிலையைத் தமிழர் 'கரைக்கின்றனர்'. களிமண் நீரில் கலந்து போவதே அச்செயலின் நிறைவாதலால் 'மூழ்கடித்தல்' என்ற பெயர்ப்பு செயற்கையாக ஒலிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த சிலை எளிதில் கரையாமல் அடியில் கிடக்கும்போது மட்டும், ஆங்கிலச் சொல்லே நடந்ததைச் சரியாகச் சொல்கிறது.