காற்றுக் காலத்தில் வண்டிகளை நிறுத்தும் முறை

பரமத்தி வேலூர்ப் பகுதியில் காவிரிக் கரையோரத்தில் விளையும் வாழைத்தார்கள் லாரிகளில் வெளியூர் செல்கின்றன. அவற்றுடன் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வண்டிகளும், உயர்ந்த கூண்டு கட்டிய வண்டிகளும் சாலையோரங்களில் நிற்கக் காணலாம். ஓடும் வண்டிக்கே ஆபத்து, நிற்கும் வண்டிக்கு யாதொரு குறையும் நேராது என்று பலர் எண்ணுகின்றனர். பெருங்காற்று வீசும்பொழுது இவ்வெண்ணம் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள பக்கத்தின் மீது, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறக்குறைய 110 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் மோதுகிறது. வேகம் 72 கிலோமீட்டரானால் விசை 440 கிலோகிராம் ஆகிறது. பாரமில்லாத கூண்டு வண்டியும், உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டியும் சாய்வதற்கு இதுவே காரணமாகும்.

ஆகவே, வண்டியின் முகப்பு காற்றை நோக்கி இருக்குமாறு நிறுத்துதல் வேண்டும். முகப்பின் பரப்பு பக்கத்தின் பரப்பில் பாதிக்கும் குறைவு. ஆடி மாதக் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து வீசும். சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை மழைக்கு முன்னெழும் சூறைக்கோ நிலையான திசை இல்லை. கருமேகம் திரளும் திக்கை நோக்கி முகப்பைத் திருப்புக.

இடத்தைத் தேர்வதும் முக்கியமாகும். உறுதியான கட்டடத்தின் மறைவு நன்று. புளிய மரம், தென்னை மரம், மின்கம்பி ஆகியவற்றின் கீழும், ஈரமான வாய்க்கால் கரையிலும் நிறுத்தலாகாது. கைத்தடையை இழுத்துவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தார்ப்பாயைத் தளர விடாது இறுகக் கட்டுக. தளர்ந்த பாய் காற்றைப் பிடித்துக் கயிற்றை அறுத்துவிடும். படுக்கை, சமையலறை முதலியன அமைந்த சுற்றுலா வண்டியில் வருவோர், பக்கத்தில் விரித்த நிழல்துணியை உறங்குமுன் சுருட்டி வைத்தல் நலம்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. களைப்பு மிகுதியால் வண்டியின் அடியில் படுத்துறங்கும் வழக்கத்தை நம் ஓட்டுநர்களும் சுமை தூக்குவோரும் அறவே விட்டொழிக்க வேண்டும். காற்று எழும் அறிகுறி கண்டவுடன் உறுதியான கட்டடத்துள் செல்க. சாய்ந்த வண்டியை நிமிர்த்தலாம். போன உயிரை மீட்க இயலாது.