ஒரு லட்சம் கை

மடத்துக்குளம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போக்கர் ஆடியே பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவிடம் கேட்காமல் மாமனிடம் கேட்டதிலிருந்தே உனக்குள்ளும் ஒரு சந்தேகம் இருப்பது தெரிகிறது. "அது சூதாட்டம், விட்டுத் தொலை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நீ புள்ளியியல் படிக்கிறவன், நான் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். கணக்கு வழியாகவே பேசுவோம்.

பிழைக்க முடியும். பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் லாஸ் வேகஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரில் நிபுன் ஜாவா என்ற இந்தியர் ஒரே கோடையில் இரண்டு பட்டங்களை வென்றார். ஒன்று ஆதித்யா சுஷாந்துடன் ஜோடி சேர்ந்து நேரடி மேசையில் வென்றது, மற்றொன்று ஆன்லைன் போட்டியில் வென்றது. 2024-இல் அதே தொடரில் பெங்களூருக்காரரான சந்தோஷ் சுவர்ணா ஒரே போட்டியில் 54 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வாங்கினார். நீ பார்த்த வீடியோக்களில் இதெல்லாம் வந்திருக்கும். அந்தப் போட்டியின் நுழைவுக் கட்டணமே இரண்டரை லட்சம் டாலர், நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் என்பதையும் வீடியோவில் சொன்னார்களா? வரவு மட்டும் எழுதி பற்று எழுதாத பேரேட்டை நம் தொழிலில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

இதில் திறமைக்கு இடமுண்டு என்பதை மறுக்க மாட்டேன். போக்கரில் நீ கிளப்புக்கு எதிராக ஆடுவதில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு எதிராக ஆடுகிறாய். மேசை போட்டவர் ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு சுற்று ஆட்டத்திலும், 'ரேக்' என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஓர் உதாரணம் பார். நடுவில் 600 ரூபாய் கிடக்கிறது, எதிராளி 300 வைக்கிறான். நீயும் 300 வைத்தால் மொத்தம் 1,200. அப்படியானால் நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்கிற சீட்டு இருந்தால்தான் நீ வைக்கலாம். உனக்கு நாலு ஆட்டின் சேர்ந்திருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஜெயிப்பாய், வர வேண்டியது ஒரே ஒரு சீட்டு. நீ பார்க்காத 46 சீட்டில் ஆட்டின் 9. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு ஆடுகிறவன், போடாமல் ஆடுகிறவனிடமிருந்து காலப்போக்கில் காசு எடுப்பான்.

அந்தக் 'காலப்போக்கில்' எவ்வளவு நீளம் என்பதுதான் நீ கேட்க வேண்டிய கேள்வி.

நூறு கைக்குச் சராசரியாக 5 பிக் ப்ளைண்ட், அதாவது கை தொடங்கும்போது ஒருவர் கட்டாயமாக வைக்கிற பெரிய பந்தயத்தைப் போல் 5 மடங்கு, சம்பாதிக்கிற ஆட்டக்காரன் ஒருவனை எடுத்துக்கொள். நல்ல ஆட்டக்காரன்தான். இந்த ஆட்டத்தில் நூறு கைக்கான திட்ட விலக்கம் ஏறக்குறைய 100 பிக் ப்ளைண்ட். நீயே போட்டுப் பார். 10,000 கை ஆடினால் எதிர்பார்ப்பு 500, விலக்கம் 1,000. அதாவது இவனைப் போன்ற நூறு நல்ல ஆட்டக்காரர்களில் 31 பேர், 10,000 கை ஒழுங்காக ஆடிய பிறகும் நஷ்டத்தில் இருப்பார்கள். ஒரு லட்சம் கைக்குப் போனால் எதிர்பார்ப்பு 5,000, விலக்கம் சுமார் 3,160. அப்போதும் நூறில் ஆறு பேர் கைக்காசை இழந்துதான் நிற்பார்கள். ஆகவே ஒரு லட்சம் கை ஆடாமல் நீ திறமைசாலியா, அதிர்ஷ்டசாலியா என்பது உனக்கே தெரியாது. இரண்டு மாதம் ஜெயித்ததாக எழுதியிருந்தாயே, அது நீ நல்ல ஆட்டக்காரன் என்பதற்குச் சான்று ஆகாது.

நேரடி மேசைக்கும் ஆன்லைனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். சீட்டைக் கலைத்து, போட்டு, காயின் எண்ணி முடிக்க நேரமாவதால், நேரடி மேசையில் மணிக்கு 30 கை நடந்தாலே அதிகம். ஆன்லைனில் நாலு மேசையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டால் மணிக்கு 300 கை ஓடும். ஒரு லட்சம் கை ஆட ஆன்லைனில் 333 மணி நேரம் போதும். வாரம் 40 மணி என்று வைத்தால் இரண்டே மாதம். நேரடி மேசையில் அதே எண்ணிக்கைக்கு 3,333 மணி, ஒன்றரை வருஷத்துக்கும் மேல்.

ஆனால் நேரடி மேசைக்குத் தனி லாபம் உண்டு. கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பல்களுக்கு வருகிறவர்களில் பலர் சுற்றுலாப் பயணிகள். விடுமுறைக்கு வந்தவன் கணக்குப் பார்த்து ஆட மாட்டான். அவனோடு ஆடும்போது நூறு கைக்குக் கிடைக்கும் லாபம் கூடுதல், பந்தயத் தொகையும் பெரிது. ஆன்லைனில் எதிராளி பல மேசை ஆடிப் பழகியவன், கணினியில் தீர்வு பார்த்துப் படித்தவன். சில நேரம் எதிரே இருப்பது மனிதனே இல்லை, நிரல். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், இருவர் ஆடும் ஆட்டத்தில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்துவிட்டது.

அதனால்தான் இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் இரண்டு காலிலும் நின்றார்கள். ஆன்லைனில் சிறு தொகைக்கு நிறைய கை ஆடி ஆட்டத்தைத் தீட்டிக்கொண்டார்கள், மாதச் செலவையும் எடுத்தார்கள். கோவாவில் பெரிய போட்டித் தொடர் வரும்போது போய் உட்கார்ந்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சுலபமில்லை. திரையில் நாலு மேசைக்குப் பழகிய கை, பத்து மணி நேரம் ஒரே மேசையில் பெரும்பாலான சீட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கப் பொறுக்காது. சலிப்பில் ஆடக்கூடாத சீட்டை ஆடும். ஆன்லைனில் எடுபடுகிற பொய் மிரட்டல் நேரடி மேசையில் எடுபடாது, ஏனென்றால் சுற்றுலாக்காரன் சீட்டை வைத்துவிட்டுப் போக வந்தவன் இல்லை, பார்த்துவிடத்தான் வந்தவன். தூக்கமும் போனது. ஆன்லைன் போட்டிகள் சாயங்காலம் தொடங்கி விடியற்காலை வரை நீண்டன. சனி ஞாயிறு ஊரே ஓய்வெடுக்கும்போதுதான் அவர்களுக்கு வேலை இருந்தது.

இந்த இரட்டைப் பிழைப்பின் முதல் பெரிய கதை 2003-இல் நடந்தது. கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர் 86 டாலர் கட்டி ஓர் ஆன்லைன் தகுதிப் போட்டியில் ஜெயித்து, அந்த வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த வருஷம் போட்டியில் 839 பேர். மூன்றே வருஷத்தில் அது 8,773 ஆனது. அவரைப் பார்த்து வேலையை விட்டவர்கள் எத்தனையோ பேர். பிறகு 2011 ஏப்ரல் 15 வந்தது. அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை ஒரே நாளில் முடக்கியது. ஃபுல் டில்ட் என்ற தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்கள் அதைத் திரும்பப் பெற வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். தொழிலை விட மனமில்லாதவர்கள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் குடி பெயர்ந்தார்கள்.

நம் ஊரில் நடந்ததும் அதேதான், கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தது. ஆன்லைன் ரம்மியில் பணம் தொலைத்தவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்துகொண்டிருந்த 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு பணம் கட்டும் ஆட்டங்களை அவசரச் சட்டத்தால் தடுத்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. 2022-இல், இந்த ஆட்டங்களை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதிய சட்டம் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017-லேயே போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்று சொல்லியிருந்தது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி வந்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்தது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அந்த மத்தியச் சட்டத்தில் ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. சில நாளிலேயே இந்தியாவின் பெரிய போக்கர் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

அந்த வாரம் உனக்கும் நினைவிருக்கும். ஐந்து நாள் கழித்து, 27-ஆம் தேதி, இந்தியச் சரக்கின் மீது அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூரில் ஆர்டர் நின்றது, ஷிப்டு குறைந்தது. ஒரே வாரத்தில் இரண்டு தொழிலுக்கு அடி விழுந்தது. ஆனால் பனியன் கம்பெனிக்காரரிடம் தையல் மெஷின் மிச்சம் இருந்தது. அவர் ஐரோப்பாவில் ஆர்டர் தேடலாம், உள்ளூர் ஜாப் ஒர்க் எடுக்கலாம், வங்கியில் தவணை கேட்கலாம். அவருக்காக ஏற்றுமதியாளர் சங்கம் டெல்லி வரை போய்ப் பேசும். ஆன்லைனை நம்பியிருந்த போக்கர்காரனுக்கு எது மிச்சம்? அவனுக்காகப் பேசச் சங்கம் இல்லை, அடமானம் வைக்க இயந்திரம் இல்லை, பயோடேட்டாவில் எழுத அனுபவச் சான்றும் இல்லை.

இப்போது மிச்சமிருக்கிற ஒற்றைக் காலைப் பார்ப்போம். கோவா கேசினோவுக்குள் நுழைய 21 வயது ஆக வேண்டும். ஆகிவிட்டது என்றே வை. 100–200 ரூபாய் மேசையில் உட்கார 20,000 ரூபாய் வேண்டும். ஏற்ற இறக்கத்தைத் தாங்க அப்படி முப்பது மடங்கு, அதாவது 6 லட்சம், ஆட்டத்துக்கென்றே தனியாக இருக்க வேண்டும். வீட்டுச் செலவு அதில் சேராது. மணிக்கு 1,000 ரூபாய் லாபம் எடுக்கிற அளவுக்கு நீ கெட்டிக்காரன் என்று வைத்துக்கொண்டு, மாதம் நூறு மணி ஆடினால் சராசரி ஒரு லட்சம். விலக்கமும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே வருஷத்துக்குச் சராசரியாக இரண்டு மாதம் நஷ்டத்தில் முடியும், அந்த இரண்டும் அடுத்தடுத்தும் வரலாம். வென்ற பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம். பயணம், அறை வாடகை, தோற்ற பணம் எதையும் அதிலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. பஞ்சு விலை ஏறினால் செலவில் எழுதுகிற கம்பெனிக்காரருக்கு இருக்கிற வசதி உனக்கு இல்லை. வரியையும் செலவையும் போட்ட பிறகு அந்த ஒரு லட்சத்தில் எவ்வளவு தேறும் என்று நீயே எழுதிப் பார்.

வெளிநாட்டு ஆப், வி.பி.என்., கிரிப்டோ என்று ஒரு வழி இருப்பதாக உன் நண்பர்கள் சொல்வார்கள். ஜெயித்த பணத்தை அவன் தராவிட்டால் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பாய்? உடுமலையிலோ திருப்பூரிலோ யாரோ ரகசியமாகப் போடுகிற மேசையும் அப்படித்தான். அங்கே சீட்டுக்கட்டில் மாற்றுச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. ரெய்டு வந்தால் உன் பெயரும் வழக்கில் ஏறும்.

ஆகவே என் பதில் இதுதான். உன் திறமையை நான் சந்தேகப்படவில்லை. திறமை காசாக மாற ஒரு லட்சம் கை வேண்டும். அந்த எண்ணிக்கையைச் சட்டப்படி, சிறு முதலில் தருகிற இடம் இன்று இந்தியாவில் இல்லை. அது இல்லாமல் இதைத் தொழில் என்று சொல்ல முடியாது, பணக்காரரின் பொழுதுபோக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். சட்டம் மாறினால் மறுபடி கேள், வேறு பதில் சொல்வேன்.

ஆட்டத்தைப் படிப்பதை நிறுத்த வேண்டாம். காசில்லாத ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை இல்லை. ஆனால் அங்கே ஜெயித்ததைப் பெரிதாக எண்ணிக்கொள்ளாதே. இழப்பதற்கு ஒன்றுமில்லாத மேசையில் யாரும் பயப்பட மாட்டார்கள், பயமில்லாதவனை எதிர்த்து நீ கற்பது பாதி ஆட்டம்தான். ஆடிய கையை எல்லாம் எழுதி வை. ஜெயித்ததா தோற்றதா என்று எழுதாதே, அந்த நேரத்தில் எடுத்த முடிவு சரியா என்று எழுது. இரண்டு ஏஸுக்கு எதிரே இரண்டு ராஜா வந்தால் நூறில் 82 தடவைதான் ஏஸ் ஜெயிக்கும். மிச்சம் 18 தடவை தோற்கும்போது உன் மனசு என்ன செய்கிறது என்பதையும் எழுது. தோற்ற கோபத்தில் அடுத்த கையைப் பெரிதாக வைக்கிற குணம் உனக்கு இருந்தால், எந்தச் சட்டம் வந்தும் பயனில்லை.

கடைசியாக ஒன்று. விடுதியில் யாரிடமும் கைமாத்து வாங்கி ஆடாதே, கடன் ஆப் பக்கம் போகவே போகாதே. ஏற்கெனவே வாங்கியிருந்தால் மறைக்காதே. மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், அது அரசின் மனநல உதவி எண். எனக்கும் போன் பண்ணு, நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன். திட்ட மாட்டேன். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்று மட்டும் கேட்பேன். இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டி முடிப்போம்.

அன்புடன்
உன் மாமன்