மொட்டைமாடியும் ஒரு பழைய சன்னலும்

"உன் சின்ன வயது நினைவு ஒன்றை வரைந்து வா" என்று ஏழாம் வகுப்பில் சொல்லிவிட்டேன். மறுநாள் மேசையில் சேர்ந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே படம்: இரண்டு மலைகள், நடுவில் உதிக்கும் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வளைந்து வரும் ஆறு. எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மலை கிடையாது. குழந்தைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் என்றால் இதுதான் என்று நாம் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். என் கேள்விதான் பிடிமானம் இல்லாமல் இருந்தது. நினைவு என்பதை அவர்கள் எதைக்கொண்டு பிடிப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு இரண்டு அமெரிக்கப் பெண் ஓவியர்களிடம் எனக்கு விடை கிடைத்தது. இருவருமே தங்கள் சிறுமிப் பருவத்தை வண்ணத்தால் மட்டும் வரையவில்லை. துணி, மரச்சட்டம், காகிதம், பழைய படம் என்று கைக்குக் கிடைத்தவற்றைச் சேர்த்துச் செய்தார்கள். இதைக் கலப்பு ஊடகக் கலை என்கிறோம்.

முதலாமவர் ஃபெயித் ரிங்கோல்டு. 1930-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர், 2024-இல் மறைந்தார். அவர் நம் இனம், அதாவது ஆசிரியர். கல்லூரியில் ஓவியம் படிக்கப் போனபோது அந்தப் பட்டத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓவியக் கல்வி, அதாவது ஓவிய ஆசிரியருக்கான படிப்பு என்றால் சேரலாம் என்றார்கள். அப்படிப் படித்து 1955 முதல் 1973 வரை நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தார். சிறுவயதில் ஆஸ்துமா இருந்ததால் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்த நாள்கள் அதிகம். தாயார் ஆடை வடிவமைப்பாளர். ஆகவே அந்தச் சிறுமியின் கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் துணியும் ஊசியும் இருந்தன. அவருடைய மூதாதையருள் ஒருவர் அடிமையாக இருந்த காலத்தில் எசமானர் வீட்டுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்தவர். 1980-இல் ரிங்கோல்டு தன் முதல் போர்வைச் சித்திரத்தைச் செய்தபோது உடன் தைத்தவர் அவருடைய அம்மாதான்.

1988-இல் அவர் செய்த 'டார் பீச்' என்ற படைப்பை வகுப்பில் காட்டுங்கள். 'தார்க் கடற்கரை' என்று பொருள். ஹார்லெமின் அடுக்குமாடி வீடுகளில் மேல்தளத்துக்குத் தார் பூசியிருப்பார்கள். கோடையில் புழுக்கம் தாங்காத குடும்பங்கள் உணவோடு அங்கே ஏறிவிடும். அதுதான் அவர்களுக்குக் கடற்கரை. நம் குழந்தைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். "மொட்டைமாடி டீச்சர்!" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் சீட்டு விளையாடுகிறார்கள், கொடியில் துணி காய்கிறது, கேஸி என்ற எட்டு வயதுச் சிறுமியும் அவள் தம்பியும் விரிப்பில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். அதே கேஸி மேலே ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல் பறந்துகொண்டும் இருக்கிறாள். நடுப்பகுதி கித்தானில் தீட்டிய ஓவியம். சுற்றிலும் துண்டு துண்டாகத் தைத்த பூத்துணி. மேலும் கீழும் உள்ள பட்டைகளில் கதையை எழுத்தாகவே எழுதியிருக்கிறார். உயரம் ஏறத்தாழ 190 செ.மீ.; அகலம் 174 செ.மீ. இப்போது நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1991-இல் குழந்தைகளுக்கான படநூலாகவும் வந்தது.

கேஸி ஏன் பறக்கிறாள்? நான் எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் என் வகுப்பு இந்தக் கேள்வியில் நின்றது. அவளுடைய அப்பா அந்தப் பாலத்தைக் கட்டிய தொழிலாளர்களில் ஒருவர். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் தொழிற்சங்கத்தில் சேர முடியவில்லை. அதனால் வேலை நிலையில்லை. எதன் மேல் பறக்கிறாளோ அது தனக்குச் சொந்தம் என்பது கேஸியின் கணக்கு. பாலத்தின் மேல் பறந்துவிட்டாள், பாலம் அவளுடையது. சங்கக் கட்டடத்தின் மேலும் பறந்து அதை அப்பாவுக்குக் கொடுக்கப்போகிறாள். தர்ப்பூசணியும் குளிர்ந்த இரவும் உள்ள அதே நினைவில் அப்பாவின் வேலையின்மையும் இருக்கிறது. "பழைய நினைவு என்றாலே இனிமை" என்று நாம் பழக்கியிருப்பதை இந்தப் போர்வை ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொருவர் பெட்டி சார், 1926-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அவருடைய பாட்டி வாட்ஸ் என்ற பகுதியில் வசித்தார். அங்கே சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாகக் கம்பியும் சிமெண்டும் கொண்டு கோபுரங்கள் எழுப்பினார். உடைந்த தட்டு, பாட்டில் சில்லு, ஓடு, கிளிஞ்சல் எல்லாவற்றையும் அவற்றில் பதித்தார். பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சிறுமி பெட்டி பார்த்தது இதைத்தான். உடைந்தது என்றால் குப்பை என்று நினைக்காத கண் அங்கே வந்திருக்க வேண்டும். 1969-இல் அவர் ஒரு பழைய மரச்சன்னலை எடுத்து 'கறுப்புச் சிறுமியின் சன்னல்' என்ற படைப்பைச் செய்தார். கீழே ஒரு சிறுமியின் கரிய நிழலுரு, இரு கைகளையும் கண்ணாடியில் அழுத்தி நிற்கிறது. நாம் நகர்ந்தால் அவள் கண்கள் மூடித் திறக்கும். பக்கம் மாற்றிப் பார்த்தால் படம் மாறும் பிளாஸ்டிக் அட்டை நம் ஊர்க் கடைகளிலும் விற்றதே, அதே உத்தி. மேலே ஒன்பது சிறு கட்டங்கள். நிலவு, விண்மீன், அவருடைய சிம்ம ராசிக்குரிய சிங்கம், ஒரு பழைய ஒளிப்படம், ஓர் எலும்புக்கூடு. ஐந்து வயது வாக்கில் தந்தையை இழந்தவர் அவர். அந்த எலும்புக்கூட்டின் இடம் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

இருவரும் தொடங்கியது ஒரு பொருளில் என்பதைக் கவனித்தேன். அடுத்த முறை என் கேள்வியை மாற்றினேன். வீட்டில் அம்மா, பாட்டி, அத்தை, அக்கா யாரிடமாவது இதை மட்டும் கேட்டு வரச் சொன்னேன்: "என் வயதில் உங்கள் கையில் எப்போதும் இருந்தது எது?" மலையும் சூரியனும் காணாமல் போயின. ஏழாங்கல், சிவப்பு ரிப்பன், குடம், தீப்பெட்டி ஒட்டும் பசை. "பொருளெல்லாம் இல்லை, தம்பிதான். இடுப்பிலேயே இருப்பான்" என்று ஒரு பாட்டி சொல்லியனுப்பியிருந்தார். ஒரு மாணவன் சைக்கிள் என்று எழுதிவந்தான். அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம்.

சிறுமிப் பருவத்தைக் குறிப்பாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் குழந்தைகளுக்கு அது பழைய கதை அன்று, கண்ணெதிரே முடிந்துகொண்டிருப்பது. போன வருடம் வரை தெருவில் நொண்டி ஆடியவளை இந்த வருடம் "உள்ளே போ" என்கிறார்கள். அம்மாவுக்கு எந்த வயதில் ஆட்டம் நின்றது என்று மகள் கேட்கும்போது, கேட்பவளும் அந்த வாசலில்தான் நிற்கிறாள்.

செய்முறைக்கு மூன்று பாடவேளை போதும். முதல் வேளை இரண்டு படைப்புகளையும் திறன்பலகையிலோ கைபேசியிலோ காட்டிப் பேசுவதற்கு. இரண்டாவதில் செருப்புப் பெட்டி மூடியையோ பழைய திருமண அழைப்பிதழ் அட்டையையோ சன்னல் சட்டமாக எடுத்து, கொண்டுவந்த பொருள்களை ஒட்டாமல் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இதை அவசரப்படுத்த வேண்டாம். இடம் மாற்றி மாற்றி வைப்பதில்தான் குழந்தை யோசிக்கிறது. ஒன்பது கட்டங்களும் நிரம்ப வேண்டும் என்பதில்லை. மூன்றாவது வேளை ஒட்டுவதற்கும், ரிங்கோல்டு செய்ததுபோல ஓரப் பட்டையில் நான்கைந்து வரிகள் எழுதுவதற்கும். காகிதத்துக்கும் துணிக்கும் மைதாப் பசை தாங்கும். பித்தான், வளையல் துண்டு, புளியங்கொட்டைக்கு ஃபெவிகால் வேண்டும். உடைந்த வளையலின் முனையை உப்புத்தாளில் தேய்த்த பிறகே குழந்தை கையில் கொடுங்கள். ஓர வரிகளைத் தமிழ்ப் பாடத்தின் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவும் கொள்ளலாம். ஆனால் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் இரண்டு மலைகளும் திரும்ப வந்துவிடும்.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவி நடுக்கட்டத்தைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தாள். "இது என்னம்மா?" என்று எல்லோர் முன்பும் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். அவள் அட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டாள்; இரண்டு நாள் பள்ளிக்கும் வரவில்லை. இப்போதெல்லாம் விளக்கம் கேட்பதில்லை. சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம், விரும்பாதவர்கள் அட்டையின் பின்பக்கம் எழுதி மடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்பது வகுப்பின் ஏற்பாடு. அதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்ற ஐயம் எழுந்தால் அது ஓவிய வகுப்பு விஷயமன்று. தனியே, மெதுவாகப் பேசி, தலைமையாசிரியரிடம் சொல்லி, 1098 அல்லது 14417 எண்ணை அழைக்க வேண்டும்.

அட்டைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஓர் அம்மா ஒரு சன்னலின் முன் நின்றுவிட்டார். நீலத் துணி ஒட்டியது. "இது என் எட்டாங்கிளாஸ் பாவாடைத் துணில்ல? பெட்டிக்கு அடியில வச்சிருந்தேன். யார்டி வெட்டுனது?" மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது என்பது ஓரப் பட்டையில் எழுதியிருந்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு, "மீதித் துணி எங்கே?" என்றார். பையில் இருந்தது. வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

'வெட்டுவதற்கு முன் வீட்டில் கேள்' என்பதை இப்போது முதல் வேளையிலேயே கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்.