கூலி நோட்டில் இன்னும் நாலு வரி

எடப்பாடியில் எழுதாத வீடு கிடையாது. தறிப்பட்டறையில் கூலி நோட்டு இருக்கிறது: எத்தனை பீஸ், எத்தனை மீட்டர், வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது. பால் சொசைட்டி அட்டையில் லிட்டரும் கொழுப்பும் ஏறுகின்றன. இது போக மளிகைக்கடைப் பற்று, சீட்டு, மொய் என்று தனித்தனி நோட்டுகள். இத்தனையிலும் சிக்காத சங்கதி ஒன்று உண்டு. அந்த மீட்டரை ஓட்டிய நாள் எப்படிப் போனது என்பதுதான் அது. அதை எழுத நாலு வரி போதும். ஆரம்பிக்க மார்கழியும் தையும் தோதான மாதங்கள்.

நம் ஊர்க் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை. விடியக்காலையில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கும், ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று வந்துவிடும். ஆனால் வேலையின் போக்கு இந்த இரண்டு மாதத்தில் புரண்டு படுக்கும். பொங்கலுக்குப் போக வேண்டிய சரக்கு கழுத்தைப் பிடிக்கும். 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் துணி வேலையும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தறிகளுக்கு வந்து, பொங்கலுக்குள் முடிந்தாக வேண்டும். பண்டிகை தாண்டியதும் பட்டறைச் சத்தம் தணியும். காட்டு வேலைக்காரர்களுக்கும் இது திருப்பம்தான். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் வழக்கமாக ஆகஸ்ட் 1இல் திறக்கும் தண்ணீர் டிசம்பர் 15உடன் நிற்கும். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் அதை நம்பிய 45,000 ஏக்கரில் அடுத்து என்ன செய்வது என்ற யோசனை தொடங்கும். நெருக்கடியும் ஓய்வும் அடுத்தடுத்து வரும்போது எழுதி வைத்தால்தான் எந்த வேலை உங்களைப் பிழிந்தது, எது தெம்பு கொடுத்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

என்ன எழுதுவது? மனசைத் தோண்ட வேண்டாம். கண்ணில் பட்டதை, கை செய்ததை எழுதுங்கள். தறி ஓட்டுகிறவர் ஒருவரின் மார்கழி நாள் இப்படி இருந்தால் போதும்:

“காலைல பனி. நூல் நல்லா ஓடுச்சு, மத்தியானம் நாலஞ்சு தடவை அறுந்துச்சு. 3ஆம் தறி நாடா முனை சொரசொரன்னு இருந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன், அப்புறம் நிக்கலை. பாவு பிணைக்க பக்கத்துத் தறி அக்கா கை கொடுத்தாங்க. நாளைக்கு மேஸ்திரிகிட்ட பிக்கர் கேக்கணும்.”

இதில் ‘மகிழ்ச்சி’, ‘நன்றி’ என்ற சொற்களே இல்லை. ஆனாலும் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது, ஒரு மனுஷி இருக்கிறார், நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கும்வரை பருத்தி நூலுக்குத் தாங்கும் சக்தி அதிகம், வெயில் ஏறிக் காற்று காய்ந்தால் அறுபடும். பழைய ஆட்களுக்கு இது கையிலேயே தெரியும். புதிதாகத் தறிக்கு வந்த பையன் பதினைந்து நாள் எழுதினால் அவனுக்கும் தெரிந்துவிடும்.

இதற்குப் பெரிய இடத்துச் சாட்சியும் உண்டு. விப்ரோ நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை, தினமும் கடைசி 15 நிமிடம் அன்று கற்றதைப் பற்றி எழுதச் சொன்னார்கள் ஹார்வர்ட் ஆய்வாளர்கள். மற்றவர்கள் அந்த நேரத்திலும் வேலையையே பார்த்தார்கள். இறுதித் தேர்வில் எழுதியவர்கள் 22.8 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு அது. அதே ஹார்வர்டின் தெரசா அமபிலி, 238 ஊழியர்கள் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். வேலையில் ஒரு நாளை நல்ல நாளாக்கியதில் முதலிடம் போனஸுக்கோ பாராட்டுக்கோ இல்லை. பொருட்படுத்துகிற வேலையில் ஓரடி நகர்ந்தோம் என்பதற்குத்தான். நாடாவைத் தேய்த்துத் தறி நிற்காமல் ஓடியது அந்த ஓரடி. எழுதாவிட்டால் ராத்திரிச் சோற்றோடு மறந்துபோகும்.

தமிழில் இந்த வேலையை அசராமல் செய்தவர் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை. வியாபாரி, பிரெஞ்சுக்காரர்களுக்கு துபாஷி. 1736 முதல் 1761இல் இறக்கும் காலம் வரை குறிப்பு வைத்தார். வந்த கப்பல், ஏறிய சரக்கு, பிரெஞ்சு கவர்னர் துப்ளே சொன்னது, ஊரில் பேசிக்கொண்ட வதந்தி எல்லாம் அதில் இருக்கின்றன. இலக்கியம் செய்ய உட்கார்ந்தவர் இல்லை; வேலைக்காரர் எழுதிய வேலைக் குறிப்பு. இன்று சரித்திரக்காரர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

இனி நடைமுறை. புது டைரி வாங்காதீர்கள். ஜனவரியில் ஜவுளிக்கடை கொடுக்கிற டைரி பொங்கலுக்குள் பால் கணக்குக்குப் போய்விடும், அதன் தலையெழுத்து அது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அதுவே அளவான இடம். தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் முன்பக்கத்தில் அச்சாகியே இருக்கிறது. எழுதி ஒரு கிளிப்பில் மாட்டுங்கள். ஷிப்ட் மாறும்போது குடிக்கிற டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். வீட்டில் தார் சுற்றுகிற பெண்களுக்கு மத்தியானம் கரண்ட் நிற்கிற நேரம் வாய்க்கும். பூலாம்பட்டியிலிருந்து படகேறி நெருஞ்சிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஆற்றைக் கடக்கும் நேரம் தாராளம். எழுதக் கை வராதவர்கள் வாட்ஸ்அப்பில் தமக்கே வாய்ஸ் அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் எழுதுவதே மேல் என்பேன். பேச்சை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் போகட்டும். தையில் பழநிக்குக் காவடியோடு நடக்கிற நாட்களில் யார் எழுதப் போகிறார்கள்? சொல்லப்போனால் அங்கேதான் எழுத வேண்டும். மலைமேல் எடப்பாடிக்காரர்கள் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்களே, எவ்வளவு பழத்துக்கு எவ்வளவு சர்க்கரை, யார் உரிப்பது, யார் கலக்குவது என்பதெல்லாம் பெரியவர்கள் வாயில்தான் இருக்கும். கூடப் போகிற இளசுகள் நாலு வரி குறித்து வந்தால், கூட்டு வேலையை நடத்துவது பற்றி எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. முதலாளி மேல் உள்ள கோபத்தைப் பட்டறையில் கிடக்கும் நோட்டில் எழுதாதீர்கள். அதற்கு வீட்டில் தனித் தாள் வையுங்கள்.

மாசி பிறந்ததும் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருகிற பெயரை, பழுதை, வேலையைச் சுழியுங்கள். எந்தத் தறி எத்தனை நாள் நின்றது, பிக்கர் கேட்டு எத்தனை நாளில் வந்தது என்று தனித் தாளில் சுருக்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூலிப் பேச்சுக்கு அதையும் எடுத்துப் போங்கள். ‘தறி அடிக்கடி நிக்குதுங்க’ என்று நீங்கள் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, ‘எந்தத் தறி, எந்த நாளு?’ என்பதாகத்தான் இருக்கும்.