சிறு யந்திரங்களில் பியூஸ் வைக்கும் இடம்

மசினகுடி வட்டார அங்கத்தினர்களுக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அன்று. பைக்காரா நீர் பெருங்குழாய்களின் வழியே மலைச்சரிவில் இறங்கி, அருகிலுள்ள சிங்காராவில் 1932-ஆம் ஆண்டிலேயே மின்விசையைத் தரத் தொடங்கியது. 1952-இல் மாயாற்று மின்நிலையமும் சேர்ந்தது. இத்தகைய நிலையங்களிலிருந்து புறப்படும் ஒவ்வொரு மின்பாதைக்கும் அதன் தொடக்கத்திலேயே தனித்தனி துண்டிப்பான் உண்டு. ஒரு பாதையில் கோளாறு நேர்ந்தால் அப்பாதை மட்டும் விலகும்; ஏனையவை நிற்கா. வீட்டுத் திண்ணையில் செய்யப்படும் சிறு யந்திரத்திற்கும் இதே நியதிதான் பொருந்தும். ஆனால் அதனைக் கைக்கொள்வோர் சிலரே.

தார் சுற்றும்போது நூலை இடமும் வலமுமாகச் சீராகப் பரப்பும் கை, பசுமைக்குடிலின் பக்கத்திரையை ஏற்றி இறக்கும் உருளை முதலியவற்றை இளைஞர்கள் தாமே செய்துகொள்வது வரவேற்கத் தக்கதே. இவற்றில் உபயோகப்படுவது ஸ்டெப்பர் மோட்டார். அது ஒரு முழுச் சுற்றைச் சாதாரணமாக 200 சம படிகளாக எடுத்துவைக்கும். அதனுள் இரு கம்பிச்சுருள்கள் உள்ளன. அவற்றிற்கு முறைமாற்றி மின்சாரம் ஊட்டும் பலகைக்கு டிரைவர் என்று பெயர். வீட்டின் 230 வோல்ட்டை 24 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி ஒன்றும் வேண்டும்.

24 வோல்ட்தானே, தொட்டாலும் அதிராதே என்று பலர் அலட்சியமாக இருக்கின்றனர். அபாயம் வோல்ட்டில் அன்று, ஆம்பியரில் உள்ளது. மோட்டாருக்கு வேண்டுவது ஒன்றரை ஆம்பியர். பெட்டியோ 15 ஆம்பியர் தரவல்லது. மெல்லிய கம்பிகள் இரண்டு தோல் உரிந்து ஒன்றையொன்று தொட்டால், அந்த விசை முழுவதும் அவற்றில் பாயக்கூடும். கம்பி பழுக்கும், அருகில் பஞ்சுத் தூசி இருக்கும். தறிவீட்டில் அதன் பின் நேருவதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே, பெட்டியின் நேர்முனையிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் தனிக் கிளை எடுத்து, அக்கிளையின் தொடக்கத்திலேயே ஒரு பியூஸ் வைத்தல் வேண்டும். மோட்டார் வண்டிக் கடைகளில் கிடைக்கும் தட்டைப் பியூஸ் இதற்கு ஏற்றது. மேற்கூறிய மோட்டாருக்கு 3 ஆம்பியர் பியூஸும் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் போதும்.

டிரைவருக்கும் மோட்டாருக்கும் இடையே மட்டும் பியூஸ் வைத்தலாகாது. சுருளில் ஓடும் மின்சாரம் திடீரென அறுபட்டால் அங்கே உயர்ந்த மின்னழுத்தம் எழுந்து டிரைவரைக் கெடுத்துவிடும். விசை இருக்கும்போது மோட்டாரின் இணைப்பைப் பிடுங்குதலும், திருகைத் தளர்வாக விடுதலும் இதே கேட்டைச் செய்யும். (நான்கு கம்பிகளில் எவை ஒரு சுருளுக்குரியவை என அறிய எளிய வழி உண்டு. மோட்டாரைத் தனியே எடுத்து, இரு கம்பிகளின் முனைகளைச் சேர்த்து, அச்சைக் கையால் திருப்புக. திருப்புவது கடினமானால் அவை ஒரே சுருளின் முனைகள்.)

பியூஸ் டிரைவரைக் காக்கும் என்று எண்ணுவதும் தவறு. பியூஸ் உருகுமுன்பே டிரைவரின் சில்லு எரிந்துவிடும். பியூஸ் காப்பது கம்பியையும் வீட்டையுமே. டிரைவர் பிழைக்க வேண்டுமாயின், அதன் மின்னோட்ட அளவை மோட்டாரில் குறித்துள்ள அளவுக்கு மிகாமல் திருத்திவைக்க வேண்டும்.

230 வோல்ட் பக்கத்தில், துண்டிப்பான் பேஸ் கம்பியில் இருத்தல் வேண்டும். நியூட்ரலில் மட்டும் இருந்தால், நின்ற யந்திரத்திலும் உயிர்விசை இருக்கும். இரும்புச் சட்டத்திற்கு எர்த் அவசியம். குழித்தறியின் ஈரத் தரையிலும் மழைக்காலப் பசுமைக்குடிலிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இன்றி வேலை செய்தல் கூடாது. விசையை நிறுத்திய பின்னும் பெட்டியினுள் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். விளக்கு அணையும்வரை கை வைக்கலாகாது.

நாம் பார்வையிடும் இடங்களில் அடிக்கடி காண்பது, உருகிய பியூஸுக்குப் பதிலாக முறுக்கிச் செருகிய செம்புக் கம்பி. வேலை நிற்காமல் நடக்கிறதே என்பது அவர்கள் சமாதானம்! ஒரு பியூஸ் இரு முறை உருகினால், குற்றம் பியூஸில் இராது. அசையும் கையோடு சேர்ந்து வளைந்து வளைந்து நைந்த கம்பியை முதலில் நோக்குக. அவ்விடத்தில் பல இழைகள் கொண்ட வளையும் கம்பியைப் போட்டு, இரு முனைகளிலும் இறுகக் கட்டிவைக்க வேண்டும். மாற்றுப் பியூஸ்களைச் சங்கப் பண்டசாலையில் வாங்கி வைத்தால், இரவில் வேலை நின்றாலும் செம்புக் கம்பியைத் தேட வேண்டிய நிர்ப்பந்தம் இராது.